இபன் பதூதா சீனாவில் இறங்கியபோது

இபன் பதூதா என்ற பெயரைக் கேட்டதும் நம் குடியிருப்பில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சோவின் முகமது பின் துக்ளக் நினைவுக்கு வரும். துக்ளக்கின் கூடவே வரும் பதூதாவை மேடையிலோ, 1971-ல் வந்த படத்திலோ பார்த்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு அவர் வரலாற்றுப் பாடத்தில் வரும் ஒரு பெயர். மொராக்கோ நாட்டுப் பயணி என்று எழுதினால் ஒரு மார்க். இந்த இரண்டுக்கும் நடுவில் விட்டுப்போன மனிதர் மிகவும் சுவாரசியமானவர்.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, சீனாவில் போய் இறங்கிய முதல் சில வாரங்கள். இருபது ஆண்டுகளாக நாடு நாடாகச் சுற்றியவர். எந்த ஊருக்குப் போனாலும் இரண்டே நாளில் அங்கே ஒரு வீடு, ஒரு வேலை, சில சமயம் ஒரு மனைவி என்று அமைத்துக்கொண்டவர். அப்படிப்பட்டவர், பயணிகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான நாடு கிடையாது என்று தானே புகழ்ந்த சீனாவில், வெளியே போகவே பிடிக்காமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்.

அவர் பிறந்தது 1304-ல், மொராக்கோவின் வடமுனையில் உள்ள தாஞ்சியர் துறைமுகத்தில். குடும்பத்தில் பலர் காஜிகள், அதாவது இஸ்லாமியச் சட்டப்படி தீர்ப்புச் சொல்லும் நீதிபதிகள். இவரும் அதே படிப்பைப் படித்தார். 1325 ஜூன் மாதம், 21 வயதில், ஹஜ் யாத்திரைக்காகத் தனியாக வீட்டை விட்டுக் கிளம்பினார். துனிஸ் நகரத்துக்குள் நுழைந்தபோது நடந்ததை அவர் முப்பது வருடம் கழித்தும் மறக்கவில்லை. உடன் வந்த யாத்ரீகர்களை வரவேற்க ஊர்க்காரர்கள் திரண்டு வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தெரிந்தவரைத் தேடிப்போய் ஸலாம் சொல்லிக் கட்டிக்கொண்டார்கள். இவரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. யாரும் இவர் பக்கம் திரும்பவில்லை. பையன் அழுதுவிட்டான். அதைக் கவனித்த ஒரு யாத்ரீகர் பக்கத்தில் வந்து, ஊருக்குள் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். அந்த யாத்ரீகரின் பெயரை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கப் போகிறார்கள்? ஆனால் அவர் செய்த காரியம் ஒரு புத்தகத்தில் ஏறி 650 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது.

மெக்காவோடு அவர் நிற்கவில்லை. ஈராக், பாரசீகம், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, துருக்கி, கான்ஸ்டாண்டிநோபிள், மத்திய ஆசியப் புல்வெளி என்று சுற்றி, இந்துகுஷ் மலையைத் தாண்டி, 1333-ல் சிந்து நதிக்கரைக்கு வந்தார். பணமில்லாத ஒருவர் இப்படிச் சுற்றியது எப்படி என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் மொராக்கோவிலிருந்து சுமத்ரா வரை பெரிய ஊர்களில் எல்லாம் ஒரு பள்ளிவாசல், அரபி தெரிந்த ஒரு காஜி, வழிப்போக்கர்களுக்குச் சோறு போடும் ஒரு சூஃபி மடம் இருந்தன. படித்த மனிதர் வந்திருக்கிறார் என்றால் மரியாதை உண்டு, போகும்போது ஒரு குதிரையும் கொஞ்சம் பணமும் உண்டு. ஊர் மாறினாலும் வீடு ஒன்றுதான் என்பதுபோல அவர் பயணம் செய்தார்.

டெல்லியில் துக்ளக் அவருக்கு ஆண்டுக்கு 12,000 தினார் சம்பளத்தில் காஜி வேலை கொடுத்தார். சம்பளத்தைவிடச் செலவு அதிகம் செய்து கடனில் மாட்டிக்கொண்டார் பதூதா. அந்தக் கடனையும் சுல்தானே அடைத்தார். ஆனால் அதே சுல்தானின் அரண்மனை வாசலில் தினம் தினம் பிணங்கள் கிடந்தன. சுல்தானின் கோபத்துக்கு ஆளான ஒரு சூஃபி ஞானியைப் பார்க்கப் போன குற்றத்துக்காகப் பதூதாவைச் சுற்றியும் காவலர்கள் நின்றார்கள். நாள்கணக்கில் நோன்பிருந்து, பிரார்த்தனை செய்து, ஒருவழியாகத் தப்பினார். இருந்ததையெல்லாம் தானம் கொடுத்துவிட்டுத் துறவிபோல ஒரு குகையில் போய் உட்கார்ந்தார். அங்கேயும் சுல்தானின் ஆள் வந்துவிட்டார். சீனப் பேரரசரிடம் தூதராகப் போக வேண்டும் என்பது உத்தரவு. அப்போது சீனாவை ஆண்டது மங்கோலிய யுவான் வம்சம். அங்கிருந்து 15 பேர் கொண்ட தூதுக்குழு பரிசுகளோடு டெல்லிக்கு வந்திருந்தது. பதில் மரியாதையாகத் துக்ளக் அனுப்பிய பரிசுகளில் 100 குதிரைகளும், 100 அடிமைகளும், 100 ஆடல் பாடல் பெண்களும் இருந்தார்கள். மனிதர்களைக் குதிரைகளோடு ஒரே பட்டியலில் எழுதிய காலம் அது. பதூதாவுக்கும் அதில் எந்த உறுத்தலும் இருந்ததாகத் தெரியவில்லை.

டெல்லியை விட்டுக் கிளம்பிய சில நாட்களிலேயே, இன்றைய அலிகர் அருகே, வழிப்பறிக்காரர்களிடம் மாட்டி உயிர் பிழைத்தார். பெரிய அடி விழுந்தது கோழிக்கோட்டில். அங்கே துறைமுகத்தில் 13 சீனக் கப்பல்கள் நின்றன. அவற்றில் பூட்டுச் சாவியோடு தனித்தனி அறைகள் உண்டு, சில அறைகளில் கழிப்பறையும் சேர்ந்தே உண்டு என்று வியந்து எழுதியிருக்கிறார். நல்ல அறைகளை எல்லாம் சீன வியாபாரிகள் போக வர முன்பதிவு செய்துவிட்டார்கள். இவருக்குக் கிடைத்த அறையில் கழிப்பறை இல்லை, இடமும் போதவில்லை. ஆகவே தன் பொருள்களையும் ஆட்களையும் பக்கத்தில் இருந்த சிறிய கப்பலுக்கு மாற்றினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காக இவர் மட்டும் கரையில் தங்கினார். அன்றிரவு புயல். சுல்தானின் பரிசுகள் இருந்த பெரிய கப்பல் கரையில் மோதி உடைந்தது. உடன் வந்த தூதர் கரையில் பிணமாகக் கிடந்தார். சிறிய கப்பல்காரர்களோ இதைப் பார்த்ததும் பாய் விரித்துக் கிளம்பிவிட்டார்கள், இவரை ஏற்றிக்கொள்ளாமலே. கையில் மிச்சம் 10 தினாரும், படுத்திருந்த விரிப்பும். அந்தக் கப்பலில் போனவர்களில் அவருடைய குழந்தையைச் சுமந்திருந்த ஓர் அடிமைப் பெண்ணும் இருந்தாள். அவள் இறந்துபோன செய்தி பல மாதங்கள் கழித்துத்தான் வந்தது.

டெல்லிக்குத் திரும்பினால் தலை இருக்காது. பரிசுகள் போனபோது நீ மட்டும் ஏன் கரையில் இருந்தாய் என்று சுல்தான் கேட்பார். ஆகவே தெற்கே நழுவினார். மாலத்தீவில் ஒன்றரை ஆண்டு காஜியாக இருந்தார். பல திருமணங்கள் செய்தார், பல விவாகரத்துகளும். இலங்கையில் ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தாளியாகச் சிவனொளிபாத மலை ஏறினார். அங்கிருந்து சோழமண்டலக் கரைக்கு வரும்போது மறுபடி கப்பல் உடைந்தது. மதுரை சுல்தான் கியாசுதீன் இவருக்கு ஒருவகையில் சகலை. இருவரும் அக்கா தங்கையை மணந்தவர்கள். ஆனால் மதுரையில் அவர் பார்த்தது கொடுமையான தண்டனைகளும், ஊரையே வாரிக்கொண்டு போன ஒரு கொள்ளைநோயும்தான். நம் மண்ணைப் பற்றிச் சந்தோஷமான நினைவு அவருக்கு அதிகம் இல்லை. பிறகு கடற்கொள்ளையரிடம் உடுத்திய துணி தவிர எல்லாவற்றையும் இழந்து, வங்காளம், சுமத்ரா வழியாக, 1345-லோ 1346-லோ சீனாவின் ஜைத்தூன் துறைமுகத்தில் இறங்கினார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

ஜைத்தூன் என்பது இன்றைய சுவான்சோ. தைவானுக்கு எதிர்க்கரையில், ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கிறது. அரபியில் ஜைத்தூன் என்றால் ஆலிவ். ஊரில் ஓர் ஆலிவ் மரம்கூட இல்லையே, ஏன் இந்தப் பெயர் என்று பதூதா வியந்தார். சீனர்கள் அந்த ஊரைச் சுற்றிலும் சிதோங் என்ற மரத்தை நட்டிருந்தார்கள். அந்தப் பெயர்தான் அரபியர் வாயில் ஜைத்தூன் ஆகியிருக்க வேண்டும் என்பது பலரது கருத்து. சிதோங் வேறொன்றுமில்லை, நம் கல்யாண முருங்கை.

துறைமுகத்தைப் பார்த்ததும் அவர் மலைத்துப்போனார். அலெக்சாண்டிரியா, கொல்லம், கோழிக்கோடு எல்லாம் பார்த்த கண். இருந்தும் உலகத்திலேயே பெரிய துறைமுகம் இதுவாகத்தான் இருக்கும் என்று எழுதினார். சுமார் 100 பெரிய கப்பல்கள் நின்றன. சிறியவற்றை எண்ணி மாளவில்லை. ஆனால் அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். டெல்லி சுல்தானின் தூதர் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். கையில் பரிசு இல்லை, பரிவாரம் இல்லை, சீன மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. யார் நம்புவார்கள்?

இங்கேதான் அவருடைய அதிர்ஷ்டம். டெல்லிக்கு வந்திருந்த சீனத் தூதுக்குழுவின் தலைவர்களில் ஒருவர், கோழிக்கோட்டில் கப்பல் உடைந்தபோது தப்பித்து ஊர் திரும்பியவர், பதூதா இறங்கிய அதே நாளில் ஜைத்தூனில் இருந்தார். இவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். நேராகச் சுங்க அதிகாரியிடம் கூட்டிப்போய் இவர் இன்னார் என்று சொன்னார். நல்ல வீடு ஒன்று ஒதுக்கப்பட்டது. அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

செய்தி ஊருக்குள் பரவியதும் கதவு தட்டப்பட்டது. முதலில் முஸ்லிம்களின் காஜி வந்தார், பாரசீகத்தின் அர்தபீல் ஊர்க்காரர். அடுத்து இஸ்ஃபஹான் ஊரைச் சேர்ந்த மூத்த மார்க்க அறிஞர். பிறகு பெரிய வியாபாரிகள். அவர்களில் ஒருவர் தப்ரீஸைச் சேர்ந்த ஷரஃபுத்தீன். இந்தியாவுக்குப் போன புதிதில் பதூதா இவரிடம்தான் கடன் வாங்கியிருந்தார். சீனாவில் போய் இறங்கிய முதல் நாளில் பழைய கடன்காரர் வாசலில் வந்து நின்றால் நமக்கெல்லாம் எப்படி இருக்கும்? ஆனால் இவர் மற்றவர்களைவிடப் பிரியமாக நடந்துகொண்டார் என்று பதூதா எழுதுகிறார். ஊருக்கு வெளியே காஸரூன் ஊர்ப் பெரியவர் புர்ஹானுத்தீன் நடத்திய தைக்கா ஒன்றும் இருந்தது. கடலில் காற்றும் கொள்ளையரும் பயமுறுத்தும்போது வியாபாரிகள் நேர்ந்துகொள்ளும் காணிக்கை அங்கே போய்ச் சேரும்.

இந்த வியாபாரிகள் தலைமுறையாகத் தூர தேசத்தில் இருப்பவர்கள். தங்கள் நாட்டிலிருந்து ஒருவர் வந்துவிட்டார் என்றால் அவர்களுக்கு அது திருவிழா. தாங்கள் கொடுக்க வேண்டிய ஜகாத்தை எல்லாம் வந்தவர் கையில் கொடுத்துவிடுவார்கள். வெறுங்கையோடு வந்தவர் சில நாட்களில் அவர்களைப்போலவே வசதியானவராகிவிடுவார். துனிஸ் வாசலில் அழுத பையனுக்கு, இருபது வருடம் கழித்து, உலகத்தின் மறுகோடியில் இப்படி ஒரு வரவேற்பு.

பேரரசருக்குக் கடிதம் போய்ப் பதில் வர நாளாகும். அதுவரை ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டியதுதான். கண்ணில் பட்டதை எல்லாம் பதூதா குறித்துக்கொண்டார், முக்கியமாகக் காசையும் சாப்பாட்டையும். கடைவீதியில் தங்கக் காசை நீட்டினால் வாங்குவதற்கு ஆள் இல்லை. உள்ளங்கை அகலத்தில் அரசு முத்திரை குத்திய காகிதம்தான் பணம். முதலில் நம் காசைக் கொடுத்துக் காகிதமாக மாற்றிக்கொள்ள வேண்டும். காகிதம் கிழிந்துவிட்டால் அதற்கென்று ஓர் அலுவலகம் உண்டு. பழையதைக் கொடுத்தால் புதியதைத் தருவார்கள், கட்டணம் கிடையாது. பட்டுத்துணி அவ்வளவு மலிவு, பரம ஏழைகள்கூட உடுத்தினார்கள். ஒரு பருத்தி ஆடையின் விலைக்குப் பல பட்டாடைகள் வாங்கலாம். விறகுக்குப் பதில் ஒருவகை மண்கட்டியை எரித்தார்கள். அது நிலக்கரி. கோழி வாங்கி வந்து சமைக்கப் போனால் ஒரு பானையில் அடங்கவில்லை, இரண்டு பானையில் பிரித்துப் போட்டார்களாம். சீனச் சேவலை முதன்முதலாகக் கொல்லத்தில் பார்த்தபோது அதை நெருப்புக்கோழி என்றே அவர் நினைத்திருந்தார். இந்த இடங்களில் கொஞ்சம் கைச்சரக்கும் சேர்ந்திருக்கும் என்று நாம் கழித்துக்கொள்ளலாம்.

நம் குடியிருப்பில் எல்லோருக்கும் புரியக்கூடிய இன்னொரு விஷயம், நுழைவுப் பதிவேடு. சீனாவின் ஒவ்வொரு தங்குமிடத்திலும் ஓர் அதிகாரி இருந்தார். பொழுது சாய்ந்ததும் எழுத்தரோடு வந்து, அன்றிரவு தங்குகிறவர்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதி, முத்திரை வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு போவார். காலையில் வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுச் சரிபார்ப்பார். பயணிகளோடு ஓர் ஆளை அடுத்த தங்குமிடம் வரை அனுப்புவார். அத்தனை பேரும் நலமாக வந்து சேர்ந்தார்கள் என்று அங்கிருந்து எழுதி வாங்கிக்கொண்டு அந்த ஆள் திரும்ப வேண்டும். கை நிறையப் பணத்தோடு ஒருவர் தன்னந்தனியாக ஒன்பது மாத தூரம் பயமில்லாமல் போகலாம் என்கிறார் பதூதா. நம் வாசலில் பெயர், பிளாட் நம்பர், வண்டி நம்பர் எழுதச் சொன்னால் சிலருக்கு வருகிற கோபம் அவருக்கு வரவில்லை. வழிப்பறியில் அடிபட்டவர் அல்லவா.

ஆனால் கண்காணிப்பின் இன்னொரு முகத்தையும் பார்த்தார். ஒரு நகரில் சித்திரக்காரர்களின் கடைவீதி வழியாகக் காலையில் தன் ஆட்களோடு போனார். மாலையில் அதே வழியாகத் திரும்பினால், இவருடைய முகமும் உடன் வந்தவர்களின் முகங்களும் அச்சு அசலாகக் காகிதத்தில் வரையப்பட்டுச் சுவரில் ஒட்டியிருந்தன. வெளிநாட்டவர் யார் வந்தாலும் அவருக்குத் தெரியாமல் படம் எழுதி வைப்பது அரசு உத்தரவு. குற்றம் செய்துவிட்டு ஓடினால் படம் ஊர் ஊராகப் போகும். ஒருவர் படத்தை இன்னொருவர் உற்றுப் பார்த்தார்களாம். கப்பலில் வரும் சரக்கில் எதையாவது கணக்கில் காட்டாமல் மறைத்தால் கப்பல் முழுவதும் பறிமுதல் என்ற சட்டத்தை மட்டும் அவர் அநியாயம் என்றே சொன்னார்.

இத்தனை ஒழுங்கு, இத்தனை பாதுகாப்பு. அப்படியும் அவருக்கு அந்த நாடு பிடிக்கவில்லை. வெளியே போனால் மனதுக்கு ஒவ்வாத காட்சிகள், சிலை வழிபாடு, பன்றி, நாய் இறைச்சி. மார்க்கச் சட்டம் படித்த கட்டுப்பெட்டியான காஜி அவர். அவசியம் இருந்தால் ஒழிய வீட்டை விட்டுக் கிளம்பாமல் இருந்தார். வழியில் ஒரு முஸ்லிமைப் பார்த்துவிட்டால் சொந்தக்காரரையே பார்த்ததுபோல மகிழ்ந்தார். இதை அவரே ஒளிக்காமல் சொல்கிறார். அவருடைய குறுகிய பார்வையை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் இருபது வருடம் அவர் சுற்றியதெல்லாம் தனக்கு மொழியும் சட்டமும் தெரிந்த ஓர் உலகத்துக்குள்தான். அதன் எல்லை சீனாவில் வந்துவிட்டது. இங்கே அவர் படித்த படிப்புக்கு மதிப்பில்லை. காஜி வேலை கேட்க முடியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வெறும் வெளியூர்க்காரர்.

இங்கே நமக்கு ஒரு சின்ன ஏமாற்றம். அதே ஜைத்தூனில் நம்மவர்களும் இருந்தார்கள். 1281-ல், குப்ளாய் கான் காலத்தில், தமிழ் வணிகர்கள் அங்கே ஒரு சிவன் கோயில் எழுப்பினார்கள். தமிழும் சீனமும் பொறித்த அதன் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. யானை லிங்கத்தை வழிபடும் சிற்பம்கூட இருக்கிறது. பதூதா அந்த ஊருக்குப் போனது 65 ஆண்டுகள் கழித்து. வீட்டுக்குள்ளேயே இருந்த மனிதர் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

காத்திருந்த காலத்தில் தெற்கே 27 நாள் படகில் போய்க் கேன்டன் நகரைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு வடக்கே கிளம்ப அனுமதி வந்தது. வழியில் கன்ஜன்ஃபு என்று அவர் குறிப்பிடும் ஊரில், அது இன்றைய ஃபூசோவாக இருக்கலாம், ஒரு நாள் விருந்தாளி ஒருவர் பார்க்க வந்தார். பெயர் கவாமுத்தீன், பெரிய வசதிக்காரர். பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று பதூதா உற்று உற்றுப் பார்த்தார். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள், எந்த ஊர் என்று அவர் கேட்டார். விசாரித்தால் அவர் சியூட்டாக்காரர். தாஞ்சியருக்குப் பக்கத்து ஊர்! தாஞ்சியர் என்ற பெயர் காதில் விழுந்ததும் அவர் எழுந்து மறுபடி ஸலாம் சொல்லி அழுதார். பார்த்த பதூதாவும் அழுதார். மீசை முளைக்காத பையனாக மாமாவோடு டெல்லிக்கு வந்திருந்தவர் இவர் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. 

அடுத்தது ஹாங்சோ. கன்சா என்று எழுதுகிறார். தான் பூமியில் பார்த்த நகரங்களிலேயே பெரியது என்றார். குறுக்கே கடக்க மூன்று நாள் ஆகுமாம். அதை ஒவ்வொரு நாளாக நுழைந்து பார்த்த விதம்தான் அழகு. வாசலுக்கே ஊர் காஜியும், எகிப்திலிருந்து வந்து குடியேறிய உஸ்மான் என்ற வியாபாரியின் வாரிசுகளும் வெள்ளைக் கொடி, முரசு, எக்காளத்தோடு வந்து வரவேற்றார்கள். ஒரே சுற்றுமதிலுக்குள் ஆறு நகரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மதில். முதல் நாள் காவல் வீரர்கள் வசிக்கும் பகுதியில், அவர்களின் தளபதி வீட்டில் தங்கினார். இரண்டாம் நாள் யூதர்களும் கிறிஸ்தவர்களும் வசிக்கும் பகுதி. மூன்றாம் நாள் முஸ்லிம்கள் பகுதி. அங்கே கடைவீதிகள் தன் ஊர் மாதிரியே இருந்தன, பாங்குச் சத்தம் கேட்டது. உஸ்மான் குடும்பத்தின் வீட்டில் 15 நாள் தங்கினார். ஒவ்வொரு நாளும் ஒரு புது விருந்து. அவர்களே தினமும் அவரைக் குதிரையில் ஏற்றி மற்ற பகுதிகளுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். மூங்கிலில் செய்து அரக்குச் சாயம் பூசிய தட்டுகள், படகோட்டிகளும் தச்சர்களும் வாழும் ஆற்றங்கரைப் பகுதி, எல்லாம் இப்போது கண்ணில் படுகின்றன. கூட்டிக்கொண்டு போக ஆள் இருந்ததும் ஊர் விரிந்துவிட்டது.

நகர ஆளுநர் குர்தாய் கொடுத்த விருந்தில் ஒரு செப்படி வித்தைக்காரன் வந்தான். மரப்பந்து ஒன்றை மேலே எறிந்தான். அதில் கட்டியிருந்த வாரைப் பிடித்துச் சிறுவன் ஒருவன் ஏறிக் கண்ணுக்கு மறைந்தான். கத்தியோடு இவனும் ஏறினான். கையும் காலும் தலையும் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. இறங்கி வந்து அவற்றைச் சேர்த்து வைத்து ஓர் உதை விட்டான், பையன் எழுந்து நின்றான். பதூதாவுக்கு நெஞ்சு படபடத்து மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருந்த காஜி, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, எல்லாம் கண்கட்டு வித்தை என்று சொல்லித் தேற்றினார். இன்னொரு நாள் ஆளுநரின் மகனோடு கால்வாயில் படகு உலா. பாடகர்கள் சீனத்திலும் அரபியிலும் பாரசீகத்திலும் பாடினார்கள். பாரசீகப் பாட்டு ஒன்று அந்த இளைஞனுக்குப் பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பப் பாடச் சொன்னான். கேட்டுக் கேட்டே பதூதாவுக்கு மனப்பாடமாகிவிட்டது. அது ஷீராஸ் கவிஞர் சாதியின் கவிதை என்று பிற்கால அறிஞர்கள் கண்டுபிடித்தார்கள்.

தலைநகர் பீஜிங் வரை போனதாகவும் எழுதியிருக்கிறார். அங்கேதான் சிக்கல். பேரரசர் உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டதாகவும், அந்த அடக்கத்தைத் தான் நேரில் பார்த்ததாகவும் சொல்கிறார். ஆனால் அப்போதைய பேரரசர் தோகோன் தெமூர் 1370 வரை உயிரோடு இருந்தவர். ஆகவே பீஜிங் பகுதி காதில் கேட்ட கதை என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். சீனாவுக்கே போகவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஜைத்தூன் தைக்காவின் புர்ஹானுத்தீன் பெயர் அந்த ஊரின் சீனக் கல்வெட்டு ஒன்றிலேயே வருகிறது. வீட்டை விட்டு வெளியே போகப் பிடிக்கவில்லை என்ற புலம்பலை, கதை கட்டுகிறவன் எதற்காகக் கட்ட வேண்டும்?

திரும்பும் வழி சோகமானது. 1348-ல் டமாஸ்கஸ் வந்தபோது, தந்தை இறந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்டதாகத் தெரிந்தது. அங்கே விட்டுப்போன மனைவியிடம் பிறந்த மகன், இவர் முகமே பார்க்காமல், இறந்து 12 ஆண்டுகள். ஊருக்கு ஊர் குடும்பம் வைத்தவர் கட்டவேண்டிய கணக்கு இது. அப்போது உலகைச் சூறையாடிய கொள்ளைநோய் அவர் கூடவே மேற்கே வந்தது. 1349-ல் மொராக்கோவுக்குள் நுழைந்தபோது அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தாயும் அதே நோயில் போய்விட்டிருந்தார். இவரால் கல்லறையைத்தான் பார்க்க முடிந்தது.

பிறகும் அவர் உட்காரவில்லை. சகாரா பாலைவனத்தைத் தாண்டி மாலி நாட்டுக்குப் புறப்பட்டார். பாலைவனத்தின் விளிம்பில் சிஜில்மாசா என்ற ஊரில் ஒரு மார்க்க அறிஞர் வீட்டில் தங்கினார். அவர் வேறு யாருமில்லை, சீனாவில் பார்த்து அழுத அந்தக் கவாமுத்தீனின் சொந்த அண்ணன் தம்பி. அண்ணன் தம்பிக்குள் எவ்வளவு தூரம் என்று பதூதா பெருமூச்சு விட்டார்.

1354-ல் ஃபெஸ் நகரில் சுல்தான் உத்தரவுப்படி தன் 29 ஆண்டுப் பயணத்தைச் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற எழுத்தர் அதைப் புத்தகமாக்கினார். பிறகு ஏதோ ஒரு மொராக்கோ ஊரில் காஜியாக இருந்து 1368-ஐ ஒட்டி இறந்தார்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஜைத்தூனில் நடந்தது அவருக்குத் தெரிந்திருக்காது. 1357-ல் அங்கிருந்த பாரசீகப் படைவீரர்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1366-ல் அது அடக்கப்பட்டபோது வெளிநாட்டவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். பதூதாவின் கதவைத் தட்டியவர்களின் பிள்ளைகள் அதில் இருந்திருப்பார்கள். வணிகர்களின் கல்லறைக் கற்கள் பின்னால் ஊர் மதிலுக்குள் கட்டடக் கல்லாகப் போயின. இருபதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை வெளியே வந்தன. சுவான்சோ கடல்வணிக அருங்காட்சியகத்தில் இப்போது அவற்றைப் பார்க்கலாம். இஸ்ஃபஹான், தப்ரீஸ் என்று பெயரோடு ஊர்ப்பெயரும் அரபி எழுத்தில் இருக்கிறது. நம் சிவன் கோயிலின் உடைந்த தூண்களும் சிற்பங்களும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.